ஐந்து பத்திலிருந்து ஐந்து இருபது வரை

நெய்யூர்,
2 ஜூலை 2024

பிரியமுள்ள மகள் ஜெஸ்பினுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மா நலம். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறேன். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. நீ என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால் பேப்பர் வாங்கி எழுதுகிறேன். தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வந்ததும் நீ அம்மாவைக் கூப்பிட்டாய். அவள் போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள். நம் வீட்டு அடுக்களை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். ஏழு நாளாகிறது என்றாய். வயிறு பலகைபோல இருக்கிறது என்றாய். கோச்சிங் சென்டரில் மாதிரித் தேர்வில் பாதியில் எழுந்து வந்துவிட்டாய். டாக்டர் ஸ்கேன் பார்த்து உள்ளே ஒரு கோளாறும் இல்லை, எல்லாம் டென்ஷன் என்று சொல்லி ஒரு சிரப் எழுதிக்கொடுத்தார். அம்மா திருப்பிச் சொல்லிச் சொல்லிக் கேட்டதில் இவ்வளவும் என் காதில் விழுந்தது.

வயசுப் பெண்ணிடம் தகப்பன் எழுதுகிற காரியமா இது என்று அம்மா கேட்கிறாள். நான் இருபத்தெட்டு வருடமாக இயற்பியல் நடத்துகிறவன். குடல் எல்லோருக்கும் இருக்கிறது. அதில் வெட்கப்பட என்ன உண்டு?

உனக்கு இப்படி ஆனதற்குக் காரணம் ஒழுங்கு இல்லாமைதான். நாலு பெண்களுக்கு ஒரு குளியலறை என்கிற ஹாஸ்டல், ராத்திரி பாக்கெட் நூடுல்ஸ், தண்ணீர் குடிக்க மறதி. இங்கே இருந்தபோது எல்லாம் சரியாகத்தானே இருந்தது. நீட்டுக்குப் படித்த இரண்டு வருடமும் உனக்கு நான் போட்டுத் தந்த அட்டவணை இன்னும் சுவரில் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழுவது. ஐந்து பத்திலிருந்து ஐந்து இருபது வரை காலைக்கடன். ஐந்து இருபத்தைந்துக்குப் புத்தகம். மட்டிப்பழம் ராத்திரி இரண்டு, காலையில் ஒன்று. எந்தத் தகப்பன் இந்த அளவுக்குப் பார்த்துச் செய்வான்? இரண்டு தடவையும் மார்க் வரவில்லை. அதற்கு நான் உன்னைக் குறை சொல்லவில்லை. நீயாக பி.காம். எடுத்தாய், நீயாக சி.ஏ. என்றாய், நீயாகப் பெங்களூர் என்றாய். ஒன்றுக்கும் என்னைக் கேட்கவில்லை. அதையும் நான் சொல்லவில்லை.

மே மாதம் நடந்ததைப் பற்றி மட்டும் எழுதிவிடுகிறேன். என் தரப்பை யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீ பத்து நாள் இருக்க வந்தாய். வந்த ஆறாம் நாள் வரைக்கும் உனக்கு வயிறு போகவில்லை. நான் விளக்கெண்ணெய் வாங்கி வந்தேன், நீ குடிக்கவில்லை. மறுநாள் நான் விடைத்தாள் திருத்தப் போயிருந்த நேரத்தில் அம்மா உன்னை மாமி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். என் அக்காள் நேசபாய் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் பிசியோதெரபி செய்தவள், ரிட்டயர் ஆன பிறகு வீட்டிலேயே பெண்பிள்ளைகளுக்கு வயிற்றைத் தடவிவிட்டு மலச்சிக்கலைச் சரிசெய்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. அவள் தடவிக்கொண்டிருக்கும்போதே நீ தூங்கிவிட்டாயாம். இரண்டு மணிநேரம் தூங்கினாயாம். மறுநாள் காலையில் எல்லாம் சரியானது என்று அம்மா பிறகு சொன்னாள். நல்லதுதான். ஆனால் நான் வீட்டுக்கு வந்ததும் காய்ச்சின தேங்காய் எண்ணெய் வாசனை உன்மேல் அடித்தது. எங்கே போனாய் என்று கேட்டேன். நீங்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வீட்டுப் படி ஏறுகிறவர்கள் இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னது உண்மை. சத்தமாகச் சொன்னதும் உண்மை. ஆனால் ஏன் சொன்னேன்? நாலு வருடத்துக்கு முன்னால் சபைத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நான் நின்றேன். மூன்று ஓட்டில் தோற்றேன். மாமி வீட்டில் அவளும் ராஜமணி மாமாவும் அவர்கள் மகன் ஜெபிஷும் சேர்த்து மூன்று ஓட்டு. இதைக் கணக்குப் பண்ண எம்.எஸ்சி. வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கீழே சேர்ந்தவன் எனக்கு மேலே ஹெட்மாஸ்டராக உட்கார்ந்திருக்கிறான். அதையாவது மேனேஜ்மெண்ட் செய்தது என்று விடலாம். கூடப்பிறந்தவள் செய்ததை எப்படி விடுவது?

நீ மறுநாளே நாகர்கோவில் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறினாய். போகும்போது, ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கெடந்து என்னால சாவ முடியாது, இனி ஒங்க கூடவும் பேசல்ல, மாமி கூடவும் பேசல்ல என்று சொன்னாய். கிறிஸ்மசுக்கும் வரமாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் வீட்டுக்குள் உட்கார முடியாமல் ரோட்டில் நடக்கிறேன். மணவாளக்குறிச்சி பஸ் இரண்டு போய் மூன்றாவதும் போகிற வரைக்கும் நடக்கிறேன்.

செப்டம்பர் தேர்வுக்கு எத்தனை பாடம் முடித்திருக்கிறாய் என்று எழுது. தண்ணீர் குடி. கர்த்தர் உனக்கு நல்ல புத்தியையும் சுகத்தையும் தரட்டும்.

உன் தகப்பன்,
டி. சுந்தர்சிங், எம்.எஸ்சி., பி.எட்.


நெய்யூர்,
14 ஜூலை 2024

பிரியமுள்ள மகளுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. கடிதம் சேர்ந்தது என்பது மட்டும் அம்மா வழியாகத் தெரியும். உன் கூட அறையில் இருக்கிற மண்டைக்காட்டுப் பெண் சுபிதா, இந்தக் காலத்துல யாருட்டி கடிதாசி எழுதுது என்று கேட்டுச் சிரித்தாளாம். சிரிக்கட்டும்.

இன்னும் உனக்குச் சரியாகவில்லை. இந்தத் தடவை ஐந்து நாள். இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். கடைசிவரை படி.

நேற்று சனிக்கிழமை. கல்லறைத் தோட்டத்து மதில் மழையில் சாய்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். நான் செயலாளராக இருந்திருந்தால் மதிலை மே மாதமே கட்டி முடித்திருப்பேன். அது போகட்டும். திரும்பும்போது கோவிலுக்குப் பக்கத்து ஹாலில் பெண்கள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. காலேஜ் பெண்கள் இருபது பேர் இருக்கும். முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தது உன் மாமி. மலச்சிக்கலும் மன அழுத்தமும் என்று போர்டில் எழுதியிருந்தது. மழை வலுத்ததால் நான் பின்பக்கத்து ஜன்னலுக்கு வெளியே ஒதுங்கி நின்றேன். குடை இருந்தது. இருந்தாலும் அந்த மழைக்குக் குடை போதாது.

பெண்கள் எல்லோரும் அவளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் நான். கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தூரத்தில் ஆள் தெரியாது, அதனால் என்னைப் பார்த்திருக்க வழியில்லை. சேலைக்கு மேலேயே தன் வயிற்றில் கை வைத்துச் செய்து காட்டினாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னாள். வயதாகிவிட்டது போலிருக்கிறது. ஒரு பெண் எழுந்து, மாமி இதச் செய்தா ஒடம்பு தடி குறையுமா என்று கேட்டாள். ஏட்டி, தடி குறையாது, வெப்ராளம் குறையும் என்றாள் மாமி. எல்லாம் ஒரே சிரிப்பு. பதற்றத்துக்கு நம் ஊரில் சொல்கிற அந்தச் சொல்லைத்தான் கூட்டம் முழுக்கச் சொன்னாள். வெப்ராளப்பட்டால் வயிறு வேலைநிறுத்தம் செய்யும், வயிறு வேலைநிறுத்தம் செய்தால் வெப்ராளம் கூடும், ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும், எங்கேயாவது ஒரு இடத்தில் கையை வைத்து அவிழ்க்க வேண்டும், அதற்கு வயிறுதான் கைக்கு எட்டுகிற இடம் என்று சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை.

மாணவர் டைரி ஒன்று சட்டைப் பையில் இருந்தது. ஜன்னல் திண்டில் வைத்துக் குறித்துக்கொண்டேன். செய்முறை இது.

காலையில் எழுந்ததும் இளஞ்சூட்டில் தண்ணீர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, வெறும் வயிற்றோடு மல்லாந்து படு. கால் முட்டுக்குக் கீழே தலையணை. முட்டு மடங்கியிருந்தால்தான் வயிறு இளகும். தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் சூடாக்கிக் கையில் தடவிக்கொள். முதலில் இரண்டு உள்ளங்கையையும் வயிற்றில் சும்மா வைத்துப் பத்து மூச்சு. வயிறு கையைத் தூக்க வேண்டும், நெஞ்சு அல்ல.

பிறகு தடவுதல். கடிகாரம் சுற்றுகிற மாதிரி என்று மாமி சொன்னாள். யாருடைய கடிகாரம், எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிற கடிகாரம்? இப்படிப் பொத்தாம் பொதுவாகச் சொன்னால் குழப்பம்தான் வரும். எந்தப் பக்கம் என்று அவள் சொன்னபோது மழை கூரை ஷீட்டில் விழுந்த சத்தத்தில் சொற்கள் கேட்கவில்லை. ஆனால் கை போன போக்கை நான் தெளிவாகப் பார்த்தேன். அதனால் உனக்குத் துல்லியமாகவே எழுதுகிறேன். இடது இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் தொடங்கு. அங்கிருந்து நேர் மேலே விலாவுக்குக் கீழ் வரைக்கும். அங்கிருந்து தொப்புளுக்கு மேலாகக் குறுக்கே வலது விலா வரைக்கும். அங்கிருந்து வலது பக்கமாகக் கீழே. திரும்பத் தொடக்கத்துக்கு. ஆட்டின மாவை உரலிலிருந்து வழிக்கும்போது கொடுக்கிற அழுத்தம் போதும். பத்து நிமிடம்.

கடைசியில் கழுத்தின் பின்பக்கத்தையும் உள்ளங்காலையும் பெருவிரலால் அழுத்திவிட வேண்டும். அது மனதுக்கு. பிறகு போய் உட்காரும்போது காலுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல் அல்லது கவிழ்த்த வாளி.

மாமி சொன்னாள் என்பதற்காக இதை எழுதவில்லை. இது உடற்கூறு. குடலின் பாதை யாருடைய ஓட்டையும் கேட்டுக்கொண்டு போவதில்லை. நான் ஜன்னலில் நின்றதை அவளிடம் நீ சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரியும், அவளோடுதான் நீ பேசுவதில்லையே. அம்மாவிடமும் சொல்லாதே.

இரண்டு வாரம் விடாமல் செய். அதற்கப்புறம் தேர்வுக்கு உட்கார உனக்குத் தெம்பு வரும். கர்த்தர் உன் கைக்கு வழி காட்டட்டும்.

உன் தகப்பன்,
டி. சுந்தர்சிங்


நெய்யூர்,
4 ஆகஸ்ட் 2024

ஜெஸ்பின் மகளுக்கு,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் இதைப் படி. போன கடிதத்தில் நான் எழுதிய திசை தவறு. வலது பக்கத்தில் தொடங்க வேண்டும். வலது இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் தொடங்கி மேலே, குறுக்கே இடது விலாவுக்கு, இடது பக்கமாகக் கீழே. மாமி உன்னிடம் போனில் சொல்லிவிட்டாள் என்று தெரியும். ஆனாலும் தவறை எழுதின கையாலேயே திருத்தத்தையும் எழுதித் தர வேண்டும். பழைய கடிதத்தைக் கிழித்துப் போடு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தாள். பதினைந்து நாள் நான் எழுதினபடியே ஒரு நாளும் விடாமல் செய்தாய் என்றும், வயிறு இன்னும் இறுகிப் பிடித்துக்கொண்டது என்றும், வகுப்பில் உட்கார முடியாமல் சுருண்டுவிட்டாய் என்றும், சுபிதா ஆட்டோவில் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள் என்றும் சொன்னாள். சந்தேகம் வந்து நீ என் கடிதத்தைப் போட்டோ எடுத்து மாமிக்கு அனுப்பியிருக்கிறாய். அப்பா எழுதினபடிதான் செய்தேன் மாமி என்று நீ எழுதியிருந்த வரியை மாமி அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள், அதை அம்மா எனக்குக் காட்டினாள்.

என்மேல் அவ்வளவு கோபம் வைத்துக்கொண்டு, நான் எழுதினதை ஏன் மகளே அப்படியே செய்தாய்?

சற்று நேரத்தில் அம்மாவின் போனில் மாமி கூப்பிட்டாள். அந்த ஆள்கிட்ட குடு என்றாள். நான் வாங்கவில்லை. அப்படியானால் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னாள். நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்கு அவன் இங்க வரணும், வயித்துல ஒண்ணும் போடாம வரணும்.

போனேன். நாலு வருடத்துக்குப் பிறகு அந்தப் படியில் ஏறினேன். ராஜமணி அத்தான் கதவைத் திறந்து, வாங்க என்று சொல்லிவிட்டு, உடனே பத்திரிகையை எடுத்துக்கொண்டு தென்னைக்குப் பக்கம் போய்விட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. தூறலில் நின்று பத்திரிகை வாசிக்கிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாமி போனில் என் கடிதத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். முழுவதையும் என் முன்னால் வாசித்தாள். வயதாகிவிட்டது போலிருக்கிறது என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். ஏலே, கொடைய நான் அப்பவே பாத்தேன், அந்தக் கம்பி ஒடிஞ்ச கொடைய ஊருல வேற யாரு பிடிக்கா, ஒனக்காகத்தான் ரெண்டு ரெண்டு தடவ சொன்னேன் என்றாள். 

பெண்பிள்ளைகளுக்குத் தடவிவிடுகிற கட்டில் திரைக்குப் பின்னால் இருக்கிறது. படு, சட்டையத் தூக்கு, பிள்ளைக்கு எழுதுனத செஞ்சு காட்டு என்றாள். ஐம்பத்து நாலு வயதில், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிற ஒருவன், முட்டுக்குக் கீழே தலையணையோடு மல்லாந்து கிடந்தேன். இடது பக்கத்தில் கை வைத்தேன். மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது. எதிரே நிக்கவளுக்க வலது, பாக்கவனுக்கு இடது பக்கம் தெரியும், இது தெரியாமயா பள்ளிக்கூடத்துல கண்ணாடிப் பாடம் நடத்துக நீ என்று கேட்டாள். இருபத்தெட்டு வருடமாக அதைத்தான் நடத்துகிறேன். வாசலில் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். கேட்கக்கூடாது என்று ஜன்னலில் நின்றேன். அதற்கு உன் வயிறு பதினைந்து நாள் வலித்திருக்கிறது.

பிறகு அவள் என் வயிற்றில் கை வைத்தாள். கல்லு கெடக்க மாதிரில்லா கெடக்கு, எத்தன நாளாச்சு என்றாள். அது என் சொந்த விஷயம் என்றேன். நாலு நாளு என்று அவளாகவே சொன்னாள். நாலு நாள்தான்.

படுத்துக்கொண்டே ஓட்டு விஷயத்தைக் கேட்டுவிட்டேன். வேறு எப்போதும் எனக்குக் கேட்க முடிந்திருக்காது. அவள் கையை எடுக்காமலே சொன்னாள். ஆமா, மூணு ஓட்டும் நாங்கதான் போடல்ல, நீ ஜெயிச்சிருந்தா ஜெபம் பண்ணுகவன் முதுகுக்குப் பின்னாலயும் மணி பாத்துக்கிட்டு நின்னிருப்ப, ஒனக்கக் கதவத் தட்டுற கையி எனக்குத் தெரியாதா? எந்தக் கதவு என்று கேட்டேன். உண்மையாகவே எனக்குப் புரியவில்லை.

அப்போதுதான் மே மாதம் அந்தக் கட்டிலில் தூங்குவதற்கு முன்னால் நீ சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள். அப்பா பாத்ரூம் கதவத் தட்டுவாரு மாமி, பேனா மூடியால மூணு தட்டு, அஞ்சு இருபது ஆச்சுன்னு. இப்பவும் பெங்களூர்ல உள்ள போயி இருந்தா காதுல அந்தத் தட்டு கேக்கும், கேட்டதும் எல்லாம் நின்னுரும், எழும்பி வந்துருவேன். இப்படித்தான் நீ சொன்னாய் என்றாள். அவள் கூட்டிச் சொல்லுகிறவள் அல்ல.

நான் எழுந்து சட்டையை இறக்கிக்கொண்டேன். வீட்டில் மூன்று பேருக்கு ஒரே குளியலறை, எனக்கு ஏழு மணிக்குப் பஸ், அதனால்தான் என்று சொல்ல ஆரம்பித்தேன். மாமி காப்பி போடப் போய்விட்டாள். சொல்லுவதற்கு ஆள் இல்லாமல் பாதியில் நிறுத்தினேன். ஏழு மணிப் பஸ்ஸுக்கு ஐந்து இருபதுக்குக் கதவைத் தட்ட வேண்டியதில்லை என்பது எனக்கும் தெரியும்.

என் மேசை குளியலறைக் கதவை ஒட்டி இருந்தது. ஹாலில் வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும். அதற்கு மேலே கடிகாரம். பக்கத்தில் அட்டவணை. நான் உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் கதவு. வேறு எதையும் நினைத்து நான் தட்டவில்லை மகளே. நேரம் போகிறதே என்றுதான் நினைத்தேன். யாருடைய நேரம் என்று நினைக்கவில்லை.

நேற்று மத்தியானம் நானும் அம்மாவும் மேசையை முன்னறைக்கு மாற்றினோம். அங்கே வெளிச்சம் குறைவு, ஒரு டியூப் லைட் போட வேண்டும். அட்டவணையை வெந்நீர் தொட்டு உரித்தேன். சுவரில் பெயிண்ட் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. கடிகாரத்தை அடுக்களையில் மாட்டிவிட்டாள் அம்மா.

மாமி உனக்குச் சொல்லச் சொன்னவை. இரண்டு நாள் தடவ வேண்டாம், வயிறு சும்மா இருக்கட்டும். பிறகு மெதுவாகத் தொடங்கு. பைய, மக்கா, பைய என்று சொல்லச் சொன்னாள். செய்யும்போதும் போய் உட்காரும்போதும் போனை வெளியே வைத்துவிடு. பத்து நிமிடம் என்று நான் எழுதினது கணக்கு அல்ல, வயிறு இளகுகிற வரைக்கும். காய்ச்சலோ வாந்தியோ இரத்தமோ தாங்கமுடியாத வலியோ இருந்தால் தடவுவதை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். சுபிதாவுக்கு என் நன்றியைச் சொல். அவள் சிரித்ததை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஓட்டை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. மறக்கவில்லை. ஆனால் நாளைக்கும் ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறாள். போவேன். ராஜமணி அத்தான் மழையில் நிற்காமல் இருக்க என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

தேர்வைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று கடிதத்தை வாசித்துவிட்டு அம்மா கேட்டாள். எழுதவில்லை.

கிறிஸ்மசுக்கு வா. முதலில் மாமி வீட்டுக்குப் போய்விட்டு வந்தாலும் சரி. நீ வருகிற வாரத்துக்கு மட்டிக்குலை ஒன்றை அம்மா இப்போதே சொல்லி வைக்கப்போகிறாளாம். காலையில் நான் ரோட்டில் நடக்கப் போய்விடுவேன், மணவாளக்குறிச்சி பஸ் எத்தனை போனாலும் திரும்ப மாட்டேன். நீ உள்ளே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு. கதவுக்கு இந்தப் பக்கம் யாரும் நிற்க மாட்டார்கள்.

அப்பா